வாழை நாரில் ஒரு தாள்

என் கையால் செய்த வாழை நார்த் தாளில் போன வாரம்தான் முதன்முதலாக நீர்வண்ணம் தீட்டினேன். தொட்ட இடத்தில் நிற்காமல் நார் போன போக்கில் நிறம் ஓடியது. ஓடாமல் இருக்க, காய்ந்த தாளில் மெல்லிய ஜெலட்டின் கரைசல் பூச வேண்டும். எனக்கு அந்த ஓட்டமே பிடித்திருந்தது, பூசவில்லை.

நாரை நறுக்கி, வாஷிங் சோடா கரைத்த தண்ணீரில் வேகவைக்கிறேன். எவர்சில்வர் பாத்திரம்தான், அலுமினியத்தைச் சோடா அரித்துவிடும். மூன்று மணி நேரம் கழித்து ஓர் இழையை இழுத்துப் பார்ப்பேன். சிரமமில்லாமல் பிரிந்தால் சரி. அப்புறம் தண்ணீர் தெளியும்வரை அலசல்.

அடிப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மிக்ஸி இழையை வெட்டிக் குட்டையாக்கிவிடும். மரச் சுத்தியலோ அதை நசுக்கிப் பிசிறாக்கும். அந்தப் பிசிறுகள்தான் காயும்போது ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. தனியாக ஒட்டுப்பசை தேவையே இல்லை. ஒரு சிட்டிகை கூழைக் கண்ணாடிப் புட்டியில் தண்ணீரோடு குலுக்கி வெளிச்சத்தில் பிடியுங்கள். கட்டி தெரிந்தால் இன்னும் அடிக்க வேண்டும்.

கூழ் கரைத்த தண்ணீர்த் தொட்டியிலிருந்து சல்லடைச் சட்டத்தைத் தூக்கும் அந்த ஐந்தாறு நொடிகளுக்காகவே இத்தனை வேலையும் செய்யலாம். தண்ணீர் வடிய வடிய லேசாக அசைக்கிறேன். இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் படிகின்றன. மேலே இருந்த ஈரப் பளபளப்பு சட்டென்று மங்குகிறது. அதோடு கையை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் தாள் குலைந்துவிடும்.

துணிமேல் கவிழ்த்து, அழுத்தி, கண்ணாடியில் ஒட்டிக் காயவைத்தேன். கண்ணாடிப் பக்கம் வழுவழுப்பு, மறுபக்கத்தில் துணியின் நெசவு. இனி எந்தப் பக்கம் வரைவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.