இமையின் படம் எங்கே போகிறது: தோட்டக் கிளினிக்குகளில் ஓர் இயந்திரக் கற்றல் ஆய்வுக்கு அனுமதி பெற்ற அனுபவம்

கீழ் இமையின் உட்புறம் வெளிறியிருப்பது இரத்தச்சோகையின் அடையாளங்களுள் ஒன்று என்பதை வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். அந்த இடத்தைக் கைப்பேசியால் படம்பிடித்து, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் அளவை இயந்திரக் கற்றல் மூலம், அதாவது பல படங்களைக் காட்டிக் கணினிக்குப் பழக்கும் முறையில், கணித்து, யாருக்கு இரத்தப் பரிசோதனை முதலில் தேவை என்று சொல்ல முடியுமா என்பதே கணினி விஞ்ஞான ஆய்வாளர்களாகிய எங்கள் கேள்வி. நுவரெலியா மாவட்டத்தின் தோட்டக் கிளினிக்குகளில் இந்த ஆய்வைத் தொடங்குவதற்கு நாங்கள் கடந்த வழியை, பின்னால் வரவிருக்கும் மலையக மாணவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்களுக்கு மூன்று இடங்களின் அனுமதி தேவைப்பட்டது: நெறிமுறை மீளாய்வுக் குழு, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் பணிமனை, தோட்ட முகாமைத்துவம். பின்னைய இரண்டும் கடிதங்களாலும் ஒரு நேரடிச் சந்திப்பாலும் முடிந்தன. முதலாவதுதான் ஆய்வின் உருவத்தையே மாற்றியது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தரவைச் சிறப்பு வகைத் தரவாகக் கொள்கிறது. ஆகவே எதைச் சேகரிக்கிறோம் என்பதோடு குழு நிற்கவில்லை. சேகரித்தது எந்தக் கருவியில் தங்குகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது, எப்போது அழிகிறது என்பதையும் கேட்டது. படத்தில் கருவிழி இருந்தால் அது ஆளை அடையாளங் காட்டும் என்பதைச் சுட்டிக்காட்டி, சேமிப்பதற்கு முன்னரே கைப்பேசிக்குள் இமைப் பகுதியை மட்டும் வெட்டியெடுக்கச் சொன்னது.

குழு அதிக நேரம் செலவிட்டது சம்மதப் படிவத்தில். அதற்கான காரணம் தோட்டத்தில் பிறந்த எனக்குச் சொல்லாமலே விளங்கும். தோட்ட வைத்திய உதவியாளர் தோட்ட நிருவாகத்தின் ஊழியர். அவர் முன்னிலையில் கேட்டால், கொழுந்து பறிக்கும் ஒரு பெண் மறுப்பதற்குத் தயங்குவார். ஆகவே சம்மதம் கேட்பவர் ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், உத்தியோகத்தர் எவரும் அருகில் இருக்கக் கூடாது, வேலை நேரத்தில் கேட்டு ஒருவரின் நாட்சம்பளத்துக்குக் குறை வைக்கக் கூடாது, மறுத்தவருக்கும் இரத்தப் பரிசோதனை உண்டு என்ற நிபந்தனைகள் வந்தன. பின்னேரத்தில் தாய்மார் குழந்தைகளை அழைத்துச் செல்ல வரும் பிள்ளைக் காம்பராவையே அதற்குரிய இடமாகத் தெரிந்தெடுத்தோம். படிவத்தை வாசித்துக் காட்டியபோது அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "இது தொரைமார் கைக்குப் போகுமா, மகள்?" என்பதுதான். தொரைமார் என்றால் தோட்ட அதிகாரிகள். நோயாளி என்று தெரிந்தால் வேலை கொடுக்க மாட்டார்கள் என்ற அச்சம் அதற்குள் இருக்கிறது. போகாது என்று வாயால் சொன்னால் போதாது, போக முடியாதபடி கட்டமைப்பை அமைக்க வேண்டும் என்று நாங்கள் உறுதியாக முடிவு செய்தது அந்தக் கேள்விக்குப் பின்னர்தான்.

கற்றலுக்கான அளவீடுகளைக் குறியிடும்போது மலையகத்துக்கே உரிய இன்னொரு விடயத்தையும் கவனிக்க வேண்டியிருந்தது. உயரமான இடங்களில் வாழ்பவர்களுக்கு இயல்பாகவே ஹீமோகுளோபின் கூடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி, 1,000 முதல் 1,499 மீற்றர் வரையான உயரத்தில் வாழ்பவரின் அளவீட்டிலிருந்து டெசிலீற்றருக்கு 0.8 கிராமும், 1,500 முதல் 1,999 மீற்றர் வரை 1.1 கிராமும் கழித்த பின்னரே எல்லை அளவோடு ஒப்பிட வேண்டும். கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு எல்லை 12 கிராம். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 12.6 கிராம் காட்டும் ஒரு பெண்ணைக் கொழும்பின் கணக்கில் நலமானவர் என்போம். உயரத்தைக் கழித்தால் 11.5, அதாவது இரத்தச்சோகை. ஆகவே கிளினிக் அமைந்துள்ள உயரத்தை விட்டு, அவர் வசிக்கும் லயன் குடியிருப்பின் உயரத்தைப் பதிவு செய்கிறோம்.

படங்களை ஓரிடத்தில் குவிக்காமல் கற்பிப்பதற்கு, கூகுள் ஆய்வாளர்கள் 2016 இல் முன்வைத்த ஃபெடரேட்டட் லேர்னிங் முறையைக் கையாண்டோம். படம் கிளினிக்கின் கைப்பேசியிலேயே இருக்கும். அங்கே கற்றதன் விளைவாக மாறிய எடைகள், அதாவது கணிப்பைச் செய்யும் மாதிரிக்குள் இருக்கும் எண்கள், மட்டுமே மையக் கணினியாகிய சேவையகத்துக்கு வரும். கைப்பேசிகளுக்கென வடிவமைக்கப்பட்ட, படங்களைப் பகுத்தறியும் மொபைல்நெட் வி2 மாதிரியில் ஏறத்தாழ 34 இலட்சம் எடைகள் உள்ளன; ஒவ்வொரு கற்றல் சுற்றிலும் அவ்வளவையும் அனுப்பினால் 14 மெகாபைட்டுக்குக் கிட்ட வரும். முன்னரே பயிற்றப்பட்ட அடுக்குகளை அப்படியே வைத்து, 1,280 எடைகள் கொண்ட இறுதி அடுக்கை மட்டும் கற்பித்தால், அனுப்ப வேண்டியது 5 கிலோபைட் அளவே. தோட்டத்தின் மேற்பிரிவாகிய மேற்கணக்கில் நன்றாகக் கிடைக்கும் சிக்னல் கீழ்ப்பிரிவாகிய கீழ்க்கணக்கில் மலைமுகடு மறித்து அறுந்துபோகும் தோட்டங்களில் இந்த வேறுபாடே ஆய்வு நடக்குமா நடக்காதா என்பதைத் தீர்மானிக்கிறது.

எனினும் அளவைக் குறைப்பது மட்டும் போதவில்லை. குறித்த நேரத்துக்குள் விடை தராத கருவிகளை விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவது இந்த முறையின் வழமை. அப்படிச் செய்தால் ஹட்டன் நகரை அண்டிய கிளினிக்குகளிடமிருந்தே மாதிரி கற்கும். பொகவந்தலாவையின் உட்பக்கக் கணக்குகளில் வாழும் பெண்கள், வைத்தியசாலை தொலைவில் இருப்பதைப் போலவே, இதற்குள்ளும் தொலைவில் வைக்கப்படுவார்கள். வலையமைப்பின் குறை சுகாதாரத்தின் குறையாக மாறுவது இப்படித்தான். ஆகவே சுற்றின் காலத்தை நீட்டினோம். சிக்னல் உள்ள இடத்துக்குக் கைப்பேசி வரும் வரை எடைகளை அதிலேயே காத்திருக்க வைத்து, பிந்தி வருபவற்றையும் சேர்த்துக்கொண்டோம். சராசரித் துல்லியத்தை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு கிளினிக்குக்கும் தனித்தனியாக மதிப்பிட்டோம்.

எடைகளிலிருந்து படத்தை மீட்க முடியாதா என்று குழு கேட்டது நியாயமான கேள்வி. கற்றலின்போது பகிரப்படும் எண்களிலிருந்து மூலப் படத்தை மீட்கலாம் என்று 2019 இல் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதனால், பல கிளினிக்குகளின் எடைகளை மறைத்துக் கூட்டி, கூட்டுத்தொகையை மட்டுமே சேவையகம் காணும் முறையைச் சேர்த்தோம். பிந்தி வருபவை ஒன்றிரண்டாகவே வரும் என்பதால், அவை போதிய எண்ணிக்கையில் சேரும் வரை அந்தத் தொகுதியைத் திறப்பதில்லை. கற்றல் மெதுவாகிறது, தாய்மாரிடம் கொடுத்த வாக்கைக் காப்பதற்கு அது தகுந்த விலையென்றே நான் கருதுகிறேன்.

விண்ணப்பிக்கப் போகிறவர்கள், தரவு கருவியிலிருந்து சேவையகத்துக்குப் போகும் பாதையை ஒரே பக்கத்தில் வரைந்து முதல் விண்ணப்பத்துடனேயே இணைத்துவிடுங்கள். தமிழ்ப் படிவத்தைத் தோட்டத்துப் பெண்கள் சிலரிடம் முன்கூட்டியே வாசித்துக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். நாங்கள் இப்போது பதுளை மாவட்டத்தின் ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத் தோட்டங்களைச் சேர்ப்பதற்கான திருத்த விண்ணப்பத்தைத் தயாரித்து வருகிறோம். அங்கே மழைக்காலமும் அதனால் படம்பிடிக்கும் வெளிச்சமும் மேற்குச் சரிவிலிருந்து வேறுபடுவதால், அந்தக் கிளினிக்குகளின் மதிப்பீட்டைத் தனியாக வெளியிடுவதாகவும் அதில் குறிப்பிடுகிறோம்.