செங்கல்லை மறைக்காத வீடு

தென்கிழக்கு லண்டனின் பெக்ஸ்லிஹீத்தில் 'ரெட் ஹவுஸ்' என்று ஒரு வீடு. 1859-இல் வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மோரிஸுக்காக அவர் நண்பர், கட்டடக் கலைஞர் பிலிப் வெப் வடிவமைத்தது. மோரிஸுக்கு வயது 25, வெப்புக்கு 28. வெப் தனியாக எடுத்துச் செய்த முதல் வேலை இதுதான்!

செங்கல் சுவருக்குச் சுண்ணப்பூச்சு பூசி, கல் கட்டடம் போலக் காட்டுவது அங்கே வெகுநாள் வழக்கம். வெப் பூச்சே வேண்டாம் என்று விட்டுவிட்டார். 'ட' வடிவக் கட்டடம், செங்குத்தாகச் சரியும் ஓட்டுக்கூரை, முற்றத்தில் கூம்புக் கூரை போட்ட கிணறு. ஜன்னல்கள் வெளியழகுக்காக வரிசை கட்டி நிற்கவில்லை. உள்ளே அறைக்கு எங்கே, எவ்வளவு வெளிச்சம் வேண்டுமோ அப்படி. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனால் முக்கிய அறைகளை வடக்குப் பார்த்து வைத்துவிட்டார். இங்கிலாந்துக் குளிரில் யார் தாங்குவது? (நம்மூர் என்றால் கையெடுத்துக் கும்பிட்டிருப்போம்.)

உள்ளே போட மனசுக்குப் பிடித்த சாமான் கடையில் கிடைக்காமல், நண்பர்களே கூடிச் சுவரில் ஓவியம் தீட்டினார்கள், மேஜை நாற்காலி வடிவமைத்தார்கள். அப்புறம் 1861-இல் அதுவே ஒரு நிறுவனமானது. மோரிஸ் அந்த வீட்டில் இருந்ததென்னவோ ஐந்தே வருஷம். 2003 முதல், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு அதைப் பராமரிக்கிறது. 2013-இல் ஒரு படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் பழைய சுவரோவியம் வேறு வெளிப்பட்டது.