ஸ்தோத்திரம் சொல்ல வாய் வரவே இல்லை

வீட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனதும் சபையில் பார்க்கிறவர்கள் எல்லாம் எனக்குச் சொன்னது, "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்", அதாவது நன்றி சொல்லுங்கள் என்று. பைபிள் வசனம் சரிதான், சொன்ன நேரம்தான் சரியில்லை. சொன்னவர்களில் பாதிப்பேர் கையில் இளநீர் வேறு. தயவுசெய்து கிட்னி நோயாளி வீட்டுக்கு இளநீரும் வாழைப்பழமும் வாங்கிப் போகாதீர்கள், அதிலிருக்கும் பொட்டாசியம் அவர்களுக்கு ஆபத்து.

இதற்கு நடுவில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு அலைச்சல். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்று வி.ஏ.ஓ. மூலம் சுலபமாகக் கிடைத்தது. பெயரில்தான் மாட்டிக்கொண்டோம். ரேஷன் கார்டில் ஞானஸ்நானப் பெயர், ஆதாரில் பள்ளிக்கூடத்துப் பெயர். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "பேரை மாத்திட்டு வாங்க" என்றார், எதில் மாற்ற வேண்டும் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. (நம்மவர்களில் நிறைய வீடுகளில் இந்தச் சிக்கல் உண்டு, உடம்பு நன்றாக இருக்கும்போதே சரிசெய்து வையுங்கள்.)

அன்று ராத்திரி ஜெபத்தில் ஆண்டவரோடு சண்டைதான் போட்டேன். அப்புறம் சங்கீதம் 13 கண்ணில் பட்டது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று கேட்கிற தாவீது, ஆறாவது வசனத்தில் பாட ஆரம்பித்துவிடுகிறார். எனக்கு அவ்வளவு சீக்கிரம் வரவில்லை, மாதங்கள் ஆனது. ஆனால் முறையிடலாம் என்று தெரிந்ததே பெரிய ஆறுதல். சுகம் கேட்பதை நான் விடவில்லை, கூடவே அன்றன்று நடந்த ஏதாவது ஒன்றைக் குறிப்பாகச் சொல்லி நன்றி சொல்லிவிட்டுப் படுக்கப் பழகினேன். பிரஷர் இறங்காமல் டயாலிசிஸ் நாலு மணி நேரமும் ஓடியது, பஸ்ஸில் அவருக்கு ஒருத்தர் எழுந்து இடம் கொடுத்தார், இப்படி.

நன்றி சொல்வதில் வீட்டுக்காரர் என்னை முந்திவிட்டார். அசனத்தன்று (சபையின் பொது விருந்து) ஊரே கறிக்குழம்பை ஊற்றிச் சாப்பிட, இவர் ரெண்டு துண்டோடு இலையை மூடிவிட்டு, தனக்கு அளவிட்ட அரை டம்ளர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டு பக்கத்து இலைக்காரரிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

பெயர் ஒருவழியாக மாறி, காப்பீடும் கிடைத்துவிட்டது. போன ஞாயிறு ஸ்தோத்திர காணிக்கைக் கவரில் "ஊசி முதல் குத்திலேயே ஏறியதற்காக" என்று, டயாலிசிஸ் ஊசியை நினைத்து எழுதிப் போட்டேன். ஐயர் (எங்கள் சபைப் போதகர்) அதை அப்படியே வாசிக்க, பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவருடைய இரத்தப் பரிசோதனை ரிசல்ட் நன்றாக வந்தால் அடுத்த கவர் பொட்டாசியத்துக்கு.