தலைகீழாக ஒரு தெரு: எம்.எஃப்.ஏ. இரண்டாம் ஆண்டு நாட்குறிப்பு

12 ஆகஸ்ட் 2024, திங்கள்

இரண்டாம் ஆண்டு தொடங்கிவிட்டது. டெல்லி ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தில் எம்.எஃப்.ஏ., அதாவது கவின்கலை முதுகலை. பிரிவு கலைக்கல்வி. "டிராயிங் டீச்சருக்கு எதுக்கும்மா மாஸ்டர் டிகிரி?" என்று சித்தி இன்றும் போனில் கேட்டார்.

கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் பி.எஃப்.ஏ. முடித்துவிட்டு ஆறு வருஷம் திருமங்கலம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் டிராயிங் மிஸ்ஸாக இருந்தேன். வாரத்துக்கு ஒரு பீரியட். பரீட்சை நெருங்கினால் அதையும் கணக்கு சார் வாங்கிக்கொள்வார். கிடைத்த பீரியடில் கரும்பலகையில் நான் வரைவேன், பிள்ளைகள் பார்த்து வரைவார்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, பக்கத்தில் தென்னை, வளைந்து வரும் ஆறு, வானத்தில் நாலு பறவை. எனக்கு வரையத் தெரியும். ஏழு வயதுப் பிள்ளை ஏன் அப்படி வரைகிறது என்பது மட்டும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன் சித்தி.

3 செப்டம்பர், செவ்வாய்

கள வகுப்பு இன்று ஆரம்பம். ஓக்லா பக்கம் ஓர் அரசுப் பள்ளி, மூன்றாம் வகுப்பு. "பிடித்ததை வரையுங்கள்" என்று மட்டும் சொன்னேன். 38 பேரில் 31 பேர் வரைந்தது இரண்டு மலை, நடுவில் சூரியன், குடிசை. தென்னை மரம்கூட இருந்தது! இந்தத் தெருக்களில் மலையும் இல்லை, குடிசை முன்னால் ஆறும் ஓடவில்லை. திருமங்கலத்தில் நான் போட்ட அதே படம் எனக்கு முன்னாலேயே டெல்லி வந்து உட்கார்ந்திருக்கிறது. மனசு கனத்துப்போனது.

10 செப்டம்பர், செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை நிதானமாக எழுதி வைக்க வேண்டும்.

பலகையைத் தொடவில்லை. "வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரையுங்கள்" என்றேன். என் இந்தி அரைகுறை, எட்டு வயதுக்காரர்கள் பொறுமையாகத் திருத்தினார்கள். மூன்றாவது பெஞ்சில் ஒரு சிறுமி தாளின் நடுவே நீளமாக ஒரு சாலை போட்டாள். சாலைக்கு மேலே வரிசையாக வீடுகள், ஓர் இஸ்திரி வண்டி, வண்டியில் கரி அடுப்பு போல ஒரு கருப்புக் கட்டம். அப்புறம் தாளை அப்படியே சுற்றித் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். சாலையின் மறுபக்கத்து வீடுகளை வரைந்தாள், மாடியில் துணி காய்வதோடு. முடித்துத் தாளை நேராக வைத்தபோது ஒரு வரிசை நிமிர்ந்து நிற்கிறது, இன்னொரு வரிசை தலைகீழாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மின்கம்பிகள், தலைமுடிச் சிக்கு மாதிரி.

ஏன் என்று கேட்டேன். எழுந்து நின்று காட்டினாள். "நான் நடு ரோட்டில் நிற்கிறேன் மேம். இப்படிப் பார்த்தால் இது. திரும்பினால் அது."

இதற்குப் பாடத்தில் பெயர் உண்டு, மடிப்புச் சித்திரிப்பு. ஏழு முதல் ஒன்பது வயது வரையிலான கட்டத்தின் அடையாளங்களில் ஒன்றாகக் கலைக்கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் எழுதியது. பண்டைய எகிப்தில் நெபாமுன் என்ற அதிகாரியின் கல்லறை ஓவியத்தில் குளம் மேலிருந்து பார்ப்பதுபோல் இருக்கும், கரையில் உள்ள மரங்களோ பக்கவாட்டில் பார்ப்பதுபோல் இருக்கும், சில மரங்கள் படுத்தே கிடக்கும். மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்த ஓவியனும் இவளைப் போலத்தான் யோசித்திருக்கிறான். தெரிந்ததை எல்லாம் தாளில் கொண்டுவர வேண்டும், ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

திருமங்கலத்தில் ஒரு பையன் இதே மாதிரி வரைந்தான். "வீடு ஏன்டா தலைகீழா இருக்கு?" என்று நானே ரப்பர் வாங்கி அழித்தேன். அவன் இப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருப்பான். இன்று ராத்திரி முழுக்க அவன் நினைப்புதான்.

24 செப்டம்பர், செவ்வாய்

1937 வார்தா ஆதாரக் கல்வி அறிக்கை படித்தேன், கைத்தொழில் வழியாகப் படிப்பு என்ற காந்தியின் யோசனைக்குப் பாடத்திட்டம் போட்டது. குழுத் தலைவர் ஜாகிர் உசேன், பின்னாளில் குடியரசுத் தலைவரானவர். அவருடைய நினைவிடம் எங்கள் வளாகத்திலேயே இருக்கிறது, தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன். அந்தப் பாடத்திட்டத்தில் கைத்தொழில், தாய்மொழி, கணக்கோடு ஓவியமும் இசையும் சேர்ந்தே இருக்கின்றன. ஓவியம் அதில் ஒரு பாடம், போர்ஷன் முடிக்கக் கடன் கொடுக்கும் பீரியட் கிடையாது. கணக்கு சாரிடம் இதைக் காட்ட வேண்டும் போல இருந்தது.

18 நவம்பர், திங்கள்

டெல்லி முழுக்கக் காற்று மாசுப் புகை. பள்ளிகளில் நேரடி வகுப்பு நிறுத்திவிட்டார்கள். அறையில் ஜன்னலைச் சாத்திவிட்டு, சேர்த்துவைத்த படங்களை வயது வாரியாகத் தரையில் பரப்பினேன். மூன்றாம் வகுப்புப் படங்கள் தாள் முழுக்க நிறைந்திருக்கின்றன. ஆறாம் வகுப்புக்கு வந்தால் தாளின் ஒரு மூலையில் சின்னதாக ஏதோ இருக்கிறது, மீதி எல்லாம் ரப்பர் தேய்த்த தடம். இரண்டு தாளில் ஓட்டையே விழுந்திருக்கிறது. ஆய்வேட்டுத் தலைப்பு கிடைத்துவிட்டது: பிள்ளைகள் வரைவதை எப்போது, எப்படி விடுகிறார்கள். வழிகாட்டி சரி என்றுவிட்டார்.

22 ஜனவரி 2025, புதன்

குளிர் விடுமுறை முடிந்து ஆறாம் வகுப்பு. பள்ளி முழுக்கக் குடியரசு தினச் சார்ட் வேலை, நன்றாக வரைகிற மூன்று பேரைத் தவிர யாருக்கும் பிரஷ் கிடையாது. மற்ற 24 பேர் எனக்குக் கிடைத்தார்கள்.

லோவன்ஃபெல்ட் வியன்னாவில் பார்வையற்ற பிள்ளைகளோடு வேலை செய்தவர். அதை வைத்துத்தான் இதை யோசித்தேன். துணிப்பையில் ஒரு பழைய பூட்டு. உள்ளே கை விட்டுத் தடவிப் பார்க்கலாம், கண்ணால் பார்க்கக் கூடாது, கைக்குத் தெரிந்ததை வரைய வேண்டும். ரப்பர் கிடையாது.

கடைசி பெஞ்சுப் பையன் செப்டம்பரிலிருந்தே "எனக்கு வராது மேம்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறவன். இன்று பைக்குள் கையை விட்டவன் எடுக்கவே இல்லை. ரொம்ப நேரம் தடவினான். அப்புறம் தாளை முழங்கையால் மறைத்துக்கொண்டு வரைந்தான். எட்டிப் பார்த்தேன். சாவித் துவாரம் கிணறு மாதிரி பெரிசாக இருந்தது, பூட்டு அதைச் சுற்றி ஒரு கோடு மட்டும்.

மணி அடித்ததும் எல்லோரும் தாளைக் கொடுத்தார்கள். அவன் மட்டும் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். ஆய்வுக்கு வேண்டும் என்று கேட்டுப் பார்த்தேன், தலையை ஆட்டிவிட்டு ஓடிவிட்டான். அட்டவணையில் 24 என்று எழுதியிருந்ததை அடித்து 23 என்று போட்டேன்.