நகைக்கடைப் படியில் ராச்சாப்பாடு

இந்தூருக்குப் போனால் ராத்திரிச் சாப்பாட்டை அறையிலேயே முடித்துவிடாதீர்கள். முதல் நாள் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

மறுநாள் ராத்திரி பத்து மணிக்கு, ஏழு மாடி ராஜ்வாடா அரண்மனையை வெளியே நின்று பார்த்துவிட்டு, பக்கத்திலிருக்கும் சராஃபா பஜாருக்குள் நுழைந்தேன். பகலில் அது நகைக்கடைத் தெரு. ஷட்டர் இறங்கியதும் அதே வாசலில் அடுப்பு பற்றிக்கொள்கிறது. ஆள் நடமாட்டம் இருந்தால் திருட்டு பயம் இல்லை என்பதால் நகைக்கடைக்காரர்களுக்கும் இதில் சந்தோஷமாம்.

முதலில் ‘புட்டே கா கீஸ்’. சோளத்தைத் துருவி, நெய்யில் வதக்கி, பாலில் வேகவைத்தது. பார்க்க நம் ரவா உப்புமா மாதிரி இருந்ததால் அலட்சியமாகத்தான் வாயில் போட்டேன். முதலில் சோளத்தின் தித்திப்பு, பின்னாலேயே பச்சை மிளகாய், கடைசியில் எலுமிச்சை. இன்னொரு தட்டு வாங்கினேன்.

அப்புறம் கராடு. குளிர்காலத்தில் கிடைக்கும் கிழங்கு. எண்ணெயில் பொரித்து மசாலா தூவித் தருகிறார்கள். நான் போனது டிசம்பர், அதிர்ஷ்டம்.

ஜலேபா என்று ஒன்று, ஜிலேபிக்குப் பெரியப்பா. உள்ளங்கையில் அடங்கவில்லை. பாதிதான் முடிந்தது. மீதியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, ஜீரா சட்டைக் கைக்குள் வழிய வழிய, பன்னிரண்டரைக்கு அறைக்கு நடந்தேன். தெருவில் கூட்டம் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது.