நாலாவது ஸ்டிக்கர்

என் அடையாள அட்டையின் வலது கீழ் மூலையில் சின்னதாக ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். 'இந்த நாள் வரை செல்லும்' என்று ஒரு தேதி. நிரந்தர ஊழியர்களின் அட்டையில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மட்டும்தான் தேதி. புதுப்பிக்கும்போது பழைய ஸ்டிக்கரை உரிக்க மாட்டார்கள், அதன் தலையிலேயே புதுசை ஒட்டிவிடுவார்கள். நீளமான மீட்டிங்குகளில் அதன் ஓரத்தை நகத்தால் நிமிண்டிக்கொண்டே இருப்பது என் பழக்கம். எண்ணிப் பார்த்தால் மூன்று அடுக்கு, அதற்கு அடியில் அட்டையோடு அச்சான முதல் தேதி. ஆறு ஆறு மாதமாக ரெண்டு வருஷம்.

போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை சாயங்காலம் 4:40க்கு மெயில் வந்தது. ஒப்பந்தம் முடிய ஒன்பது நாள் இருந்தது. இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கிறார்களாம், சம்பளத்தில் மாற்றமில்லையாம், சம்மதத்தை நாளை மாலை 5 மணிக்குள் தெரிவிக்க வேண்டுமாம். ரெண்டு மாதமாக "என்னாச்சு சார்?" என்று கேட்டு, "அப்ரூவலுக்குப் போயிருக்கு" என்ற ஒரே பதிலை வாங்கிக்கொண்டிருந்தவள் நான். அவர்களுக்கு ரெண்டு மாதம், எனக்கு ஒரு நாள். எரிச்சலாகத்தான் இருந்தது. கூடவே அப்பாடா என்றும் இருந்தது, அதை மறைப்பானேன்.

ஏனென்றால் அந்த ரெண்டு மாதமும் நான் சும்மா இருக்கவில்லை. வேறு இடங்களுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன். நான் பார்ப்பது மென்பொருளுக்குக் கையேடு எழுதும் வேலை. 'இந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும்' என்று நீங்கள் உதவிப் பக்கத்தைத் தேடிப் படிப்பீர்களே, அதை எழுதுவது என்னைப் போன்ற ஒருத்தி. பதினான்கு இடத்துக்கு அனுப்பினேன். ஒன்பது இடத்திலிருந்து பதிலே இல்லை, நாலு இடத்தில் இல்லை என்று பதில், ஒரே ஒரு இடத்தில் விஷயம் நகர்ந்தது. நிரந்தர வேலை.

அங்கே ரெண்டாவது ரவுண்ட் பேசியது எங்கள் ஆபீஸ் படிக்கட்டில். மீட்டிங் ரூம் எல்லாம் கண்ணாடி, உள்ளே யார் வாயசைத்தாலும் தெரியும். அதனால் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் இருக்கும் திருப்பத்தில் நின்றுகொண்டேன். அங்கே இருப்பது ஆள் நடமாட்டம் பார்த்து எரியும் விளக்கு. ரெண்டு நிமிஷம் அசையாமல் நின்றால் அணைந்துவிடும். "ஒரு பெரிய கையேட்டை எப்படிப் பிரித்து அடுக்குவீர்கள்?" என்று அந்தப் பக்கம் ஒரு அம்மா நிதானமாகக் கேட்கிறார். நான் இருட்டில் நின்றபடி, இடது கையைத் தலைக்கு மேலே பஸ்ஸை நிறுத்துவது போல ஆட்டிக்கொண்டே பதில் சொல்கிறேன். நாற்பது நிமிஷம். மறுநாள் தோள்பட்டை வலித்தது.

அதற்கப்புறம் ஒரு எழுத்துத் தேர்வு அனுப்பினார்கள், முடித்துக் கொடுத்தேன். "ரெண்டு வாரத்தில் சொல்கிறோம்" என்றார்கள். அந்த ரெண்டு வாரத்துக்கு நடுவில்தான் இந்த மெயில்.

அன்றைக்கு ராத்திரி அக்காவுக்குப் போன் போட்டேன். அவளுக்குப் பதினாறு வருஷமாக ஒரே வேலை.

"கையெழுத்துப் போட்டுட்டு வேற வேலை தேடுறது தப்பில்லையாடி?"

"தப்புன்னு இல்லக்கா. ஆனா ஒரு மாதிரி இருக்கு."

"அப்போ போடாத."

"போடலைன்னா பத்து நாள்ல வேலை இல்லையே?"

"அதான் சொல்றேன், போடு. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையா ஆயிடப் போகுது."

அக்காவிடம் யோசனை கேட்டால் இப்படித்தான், ரெண்டு பக்கமும் அவளே பேசி முடித்துவிடுவாள். பழமொழி மட்டும் காதில் ஒட்டிக்கொண்டது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை 'இருக்கட்டுமா, போகட்டுமா' என்று யோசிக்கிறவனைப் புருஷன் கணக்கில் சேர்ப்பதா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

தூக்கம் வரவில்லை. கல்யாணம் என்றதும் கெப்ளர் ஞாபகம் வந்தார். கோள்களின் பாதையைக் கணக்கிட்ட அதே யோகான்னஸ் கெப்ளர்தான். 1611இல் முதல் மனைவி இறந்த பிறகு, ஏறக்குறைய ரெண்டு வருஷத்தில் பதினோரு பெண்களைப் பரிசீலித்து, கடைசியில் ஐந்தாவதாகப் பார்த்தவரை 1613இல் கல்யாணம் செய்துகொண்டார். இந்த மாதிரித் தேர்வுக்கென்று கணிதத்தில் ஒரு புதிரே இருக்கிறது. செக்ரட்டரி பிராப்ளம் என்பார்கள்: ஒருவர் பின் ஒருவராக வருகிறவர்களில், அனுப்பியவரைத் திரும்பக் கூப்பிட முடியாதபோது, மிகச் சிறந்தவரை எப்படிப் பிடிப்பது? 1960இல் கணிதப் புதிர்களைப் பற்றி எழுதிவந்த மார்ட்டின் கார்ட்னர் தன் பத்திரிகைப் பத்தியில் எழுதி அதைப் பலரிடம் கொண்டுபோனார். விடை இதுதான்: வருகிறவர்களில் முதல் 37 சதவீதம் பேரைப் பார்த்து அனுப்பிவிட வேண்டும், அதற்குப் பிறகு அவர்கள் எல்லோரையும்விட மேலான ஒருவர் வந்ததும் பிடித்துக்கொள்ள வேண்டும். பதினொன்றில் 37 சதவீதம் என்றால் நாலு. ஐந்தாவது பெண்! கெப்ளர் கணக்கே போடாமல் கணக்கில் விழுந்துவிட்டார்.

கட்டிலில் படுத்தபடி இதை என் பதினான்கு விண்ணப்பத்துக்குப் போட்டுப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. அந்தப் புதிரில் மொத்தம் எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும், எனக்குத் தெரியாது. அதைவிட முக்கியம், அங்கே ஒருவரைத் தேர்ந்தெடுத்த கணமே தேடல் முடிந்துவிடுகிறது. நான் கையெழுத்துப் போட்டால் என் தேடல் முடிந்துவிடுமா? அதைச் சொல்ல வேண்டியது கெப்ளரும் இல்லை, அக்காவும் இல்லை. மெயிலோடு வந்த ஒன்பது பக்கத் தாள்.

எழுந்து விளக்கைப் போட்டுப் படித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: இதற்கு முன் நாலு தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஒரு தடவைகூட முழுசாகப் படித்ததில்லை. சம்பளம், தேதி, கையெழுத்து. அவ்வளவுதான். அடுத்தவர்கள் கையேட்டைப் படிப்பதில்லை என்று ரெண்டு வருஷமாகப் புலம்புகிறவள் நான்.

ஏழாவது பக்கத்தில் இருந்தது. நிறுவனம் என்னை விலக்க 15 நாள் நோட்டீஸ் கொடுத்தால் போதும், காரணம் சொல்ல வேண்டாம். நான் விலக 60 நாள் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மீதி நாளுக்குச் சம்பளத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். ஆறு மாதக் கான்ட்ராக்டில் ரெண்டு மாத நோட்டீஸ்! அதாவது நாலு மாதம் முடிந்த பிறகு ராஜினாமா கொடுப்பதும் கொடுக்காததும் ஒன்றுதான்.

எனக்குச் சுருக்கென்று பட்டது அந்த 60 தான். புது இடத்தில் முதல் ரவுண்டிலேயே கேட்ட கேள்வி, "எப்போ சேர முடியும்?" என்பது. நிரந்தர வேலையில் இருப்பவர்கள் ரெண்டு மாதம், மூன்று மாதம் என்று சொல்லும் இடத்தில், கான்ட்ராக்ட் ஆளுக்கு இருக்கும் ஒரே பலம் சீக்கிரம் வந்துவிட முடியும் என்பது. சேமிப்பு, காப்பீடு, பதவி உயர்வு எதுவும் இல்லாத இந்த ஏற்பாட்டில் எனக்கென்று இருக்கும் ஒரே சலுகை அது. அதையும் இந்தப் பக்கம் ஏழு வாங்கிவிடுகிறது.

ராத்திரி முழுக்க 'போடலாமா வேண்டாமா' என்று புரண்டவளுக்கு அப்போதுதான் கேள்வியே மாறியது. போடுவது பெரிய விஷயமில்லை. போட்ட பிறகு வெளியே வர எத்தனை நாள் என்பதுதான் விஷயம்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பழைய ஒப்பந்தம் சனிக்கிழமை முடிகிறது, புதுசு திங்கட்கிழமை ஆரம்பிக்கிறது. நடுவில் ஒரு ஞாயிறு நான் யாருடைய ஊழியரும் இல்லை. முந்தின நாலையும் எடுத்துப் பார்த்தேன், ஒவ்வொன்றுக்கும் நடுவில் அதே மாதிரி ஒரு நாள் ஓட்டை. தற்செயல் என்று நம்பும் அளவுக்கு நான் நல்லவள் இல்லை. தொடர்ச்சியாக இத்தனை வருஷம் வேலை பார்த்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இப்படி இடைவெளி விடும் பழக்கம் பல நாடுகளில் உண்டு. குறுகிய கான்ட்ராக்டுகளை அடுக்கிக்கொண்டே போவதைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் ஒரு நெறிமுறையே கொண்டுவந்தது. ஜெர்மனியில் தகுந்த காரணம் இல்லாமல் என்றால் மொத்தம் ரெண்டு வருஷம், அதற்குள் மூன்று நீட்டிப்பு, அவ்வளவுதான். பிரிட்டனில் இப்படியே நாலு வருஷம் தொடர்ந்தால், நிறுவனம் நியாயமான காரணம் காட்டாதவரை நிரந்தர ஊழியராகிவிடலாம். இதையெல்லாம் ராத்திரி ரெண்டு மணிக்குப் படித்து, பெருமூச்சு விட்டு, விளக்கை அணைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஹெச்.ஆருக்கு மூன்று வரி எழுதினேன். தொடர விருப்பம், நோட்டீஸ் இரு தரப்புக்கும் 30 நாள் என்று மாற்ற வேண்டும், தொடக்கத் தேதியை ஞாயிறாகத் திருத்த வேண்டும். சம்பளத்தைப் பற்றி எழுதவில்லை. ஒரே கடிதத்தில் எல்லாவற்றையும் கேட்டால், அவர்களுக்கு எது சுலபமோ அதைக் கொடுத்துவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள். சம்பளம் கேட்டிருந்தால் ஒரு ரெண்டு சதவீதம் போட்டு வாயை அடைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். சரியான முடிவா என்று இப்போதும் உறுதியாகத் தெரியாது.

மதியம் மேனேஜர் கூப்பிட்டார். நல்ல மனுஷர். நான் சேர்ந்த புதிதில் எழுதிய அபத்தமான பக்கத்தை யாருக்கும் காட்டாமல் திருப்பிக் கொடுத்தவர்.

"நோட்டீஸை ஏன் குறைக்கச் சொல்றீங்க? ஏதாவது பார்த்துட்டிருக்கீங்களா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். தயாரித்து வைத்திருந்த பதில் வாய்க்கு வரவில்லை.

"சார், ஒப்பந்தம் முடிய ஒன்பது நாள் இருக்கிற வரைக்கும் எனக்கு இங்க வேலை இருக்கான்னே தெரியாது. அந்த நிலைமையில யாரா இருந்தாலும் பார்க்கத்தான் செய்வாங்க."

அவர் கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "அடுத்த ரிலீஸ் வரைக்குமாவது இருப்பீங்கல்ல?"

"இருக்கிற வரைக்கும் வேலை நிக்காது சார்."

அது பதில் இல்லை என்று ரெண்டு பேருக்கும் தெரியும். அவரும் மேலே கேட்கவில்லை. வெளியே வந்து தண்ணீர் குடித்தேன். பொய் சொல்லவில்லை, ஆனால் முழுசாகச் சொல்லவும் இல்லை. என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று மேலே நடந்த பேச்சில் அவர் உட்கார்ந்திருப்பார், அதை அவரும் என்னிடம் சொன்னதில்லை. அதற்கு இது சரியாகப் போயிற்று என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். முழுசாகத் தேறவில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று சொல்வது கேலிக்கென்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். நின்று பார்த்தால் இடுப்பும் சேர்ந்து வலிக்கிறது.

அந்த 5 மணிக் கெடு என்னாயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. 4:55க்கு "சட்டப் பிரிவின் பார்வைக்கு அனுப்பியுள்ளோம்" என்று ஒரு மெயில். திங்கள் போனது, செவ்வாய் போனது. எனக்கு ஒரு நாள் கொடுத்தவர்கள் தங்களுக்கு ஐந்து நாள் எடுத்துக்கொண்டார்கள். இதற்கிடையில் புது இடத்துக்கும் எழுதினேன்: இங்கே ஒப்பந்தம் புதுப்பிக்கச் சொல்கிறார்கள், உங்கள் முடிவு எப்போது வரும் என்று தெரிந்தால் உதவியாக இருக்கும். இப்படிக் கேட்டால் மிரட்டுவது போல ஆகிவிடுமோ என்று நாலு தடவை அழித்து எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. இன்னும் ஒரு ரவுண்ட் பாக்கி, துறைத் தலைவரோடு. அவ்வளவு பயந்திருக்க வேண்டாம்.

புதன்கிழமை திருத்திய தாள் வந்தது. என் நோட்டீஸ் 30 நாள். அவர்களுடையது அதே 15. ஞாயிற்றுக்கிழமை ஓட்டை அப்படியே இருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, நான் எழுதவே இல்லாதது போல. இன்னொரு சுற்று கேட்டுப் பார்த்திருக்கலாம். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, ஒப்பந்தம் முடிய மூன்று நாள்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை ஒன்பது பக்கமும் படித்துவிட்டு.

இந்த வாரம் வேலையோடு வேலையாக ஒரு கோப்பு எழுத ஆரம்பித்திருக்கிறேன், 'இனி வருபவருக்கு' என்று பெயர். எந்தப் பக்கம் யார் சரிபார்க்க வேண்டும், எந்தப் படம் பழையது, எந்த டெவலப்பரிடம் காலையில் மட்டும்தான் கேள்வி கேட்கலாம் என்பதெல்லாம். நான் போனால் உதவும். போகாவிட்டால் எனக்கே உதவும், அந்தக் கோப்புறைகளின் லட்சணம் அப்படி. எனக்கு முன்னால் இருந்தவர் எனக்கு இப்படி ஒன்று வைத்துவிட்டுப் போயிருந்தால் முதல் ரெண்டு மாதம் திண்டாடியிருக்க மாட்டேன். அவருக்கு எத்தனை நாள் நோட்டீஸோ.

நேற்று வாசலில் செக்யூரிட்டி அண்ணன் ஸ்டிக்கர் ஒட்டக் கூப்பிட்டார். வழக்கம்போல மேலேயே ஒட்டிவிட்டு, அட்டையை அதன் பிளாஸ்டிக் உறைக்குள் திருப்பி நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. மூலையில் தடிப்பு. "என்னம்மா, இவ்ளோ நாளா இங்கதான் இருக்கியா?" என்று சிரித்தபடி கட்டைவிரலால் அழுத்தி, ஒரு மாதிரி திணித்துக் கொடுத்தார்.

கடைசி ரவுண்ட் நாளைக்குப் பதினொரு மணிக்கு. இந்தத் தடவை படிக்கட்டு வேண்டாம் என்று அரை நாள் லீவு போட்டிருக்கிறேன், சம்பளமில்லாத லீவுதான். விண்ணப்பத்தில் 'காரணம்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் ஏற்கவில்லை. 'சொந்த வேலை' என்று நிரப்பி அனுப்பினேன்.