48 அட்டை முடிந்தது, 2 இடம் பாக்கி

ஏழெட்டு மாதமாக இழுத்துக்கொண்டே போன ஒரு முடிவை இரண்டு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு எடுத்துவிட்டேன். ஒன் பீஸ் என்ற ஜப்பானியக் காமிக்ஸை வைத்து ஆடும் ஒன் பீஸ் கார்ட் கேமில், மஞ்சள் நிறக் கட்டகுரியை லீடராக, அதாவது தலைவர் அட்டையாக, வைத்த டெக்கைத் தவிர (டெக் என்பது ஆடுவதற்கு நாமே தொகுக்கும் 50 அட்டைக் கட்டு) வேறு எதையும் போட்டிக்குக் கொண்டுபோக மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவன், அந்த டெக்கை உறையோடு பெட்டியில் போட்டு மூடிவிட்டுச் சிவப்பு ஸோரோவுக்கு மாறியிருக்கிறேன். அன்று மாலை கடையில் நடந்த ஐந்து சுற்றுப் போட்டியில் இரண்டு ஆட்டங்கள், நான் முன்னிலையில் இருந்தபோதே, நேரம் முடிந்து வெற்றிப் புள்ளி இல்லாமல் போயின. தோற்றிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

கட்டகுரியின் மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. லீடருக்கு ஒரு டான் (அட்டையை இறக்கச் செலவாகும், அல்லது கொடுக்கப்பட்டவருக்கு நம் முறையில் 1000 பவர் கூட்டும் அட்டை) கொடுத்துத் தாக்கும்போதெல்லாம் நம்முடைய லைஃபிலோ (அடி வாங்கும்போது ஒவ்வொன்றாகக் குறையும், கவிழ்த்து வைத்த உயிர் அட்டைகள்) எதிராளியின் லைஃபிலோ மேலே இருக்கும் அட்டையைப் பார்த்து, அதை மேலேயே வைப்பதா அடியில் தள்ளுவதா என்று தீர்மானிக்கலாம், கூடவே 1000 பவரும் ஏறும் என்பது, இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த லீடர் திறன். ஆனால் அந்தத் தீர்மானத்தை ஒவ்வொரு தாக்குதலிலும் எடுத்தாக வேண்டும் என்பதே என் போன்றவனுக்குக் கேடு. மேலே டிரிக்கர், அதாவது அடி வாங்கி லைஃபிலிருந்து வெளிவரும்போது இலவசமாகப் பயன் தரும் அட்டை, இருக்கிறது என்று தெரிந்தால் அதை வாங்கிக்கொள்ளும்படி அடியை எப்போது விடுவது, எதிராளியின் டிரிக்கரை அடியில் தள்ளினால் கடைசி லைஃபில் அதுவே வந்து காலை வாருமா என்று யோசித்து யோசித்து, ஒரு திருப்பத்துக்கு, அதாவது ஒருமுறை ஆடுவதற்கு, மற்றவர்கள் எடுக்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு எடுத்துக்கொண்டிருந்தேன். இந்த ஆட்டத்தை எனக்கு அறிமுகப்படுத்திய அண்ணன் மகன், பக்கத்து மேசையில் தன் ஆட்டத்தை முடித்துவிட்டு வந்து நின்று, "சித்தப்பா, நீங்க ஒரு அட்டைய மேல வைக்கிறதுக்குள்ள நான் சாப்பிட்டே வந்துட்டேன்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். அவன் சொன்னதில் பொய்யில்லை.

2023 டிசம்பரில் ஐந்தாம் அட்டைத் தொகுப்பு ஆங்கிலத்தில் வந்ததிலிருந்து மஞ்சள் ஆடுகிறவர்கள் பலரும் எனெலுக்குத் தாவியதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது உண்மை. எதிராளியின் திருப்பத்தில் நம் லைஃப் பூஜ்யமானால், டெக்கின் மேலிருந்து ஓர் அட்டையை லைஃபாகச் சேர்த்துக்கொண்டு கையிலிருந்து ஓர் அட்டையை விட்டுவிடும் அந்த லீடருக்கு, என்னிடம் ஏற்கெனவே இருக்கும் மஞ்சள் அட்டைகளில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும். புதிதாக வாங்க வேண்டியது அதிகமில்லை. ஆனால் ஆட்டத்தை நீட்டித்து நீட்டித்து வெல்லும் டெக்கிலிருந்து அதைவிட நீட்டிக்கும் டெக்குக்கு மாறுவது, கடிகாரத்தோடு சண்டை போடுகிறவன் செய்யும் வேலையன்று. கறுப்பும் நீலமும் கலந்த சகாஸுகி என்ற லீடரையும் இரண்டு நாள் இரவல் வாங்கி ஆடிப் பார்த்தேன். திருப்பத்துக்கு ஒருமுறை ஓர் அட்டையை விட்டு ஓர் அட்டை எடுக்கலாம் என்றதும், எதை விடுவது என்ற யோசனையிலேயே மறுபடியும் கல்லாகிவிட்டேன். எந்த டெக் பலமானது என்று மற்றவர்கள் போட்டு வைத்திருக்கும் தரவரிசையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததுதான் என் தவறு. என் கையின் வேகத்துக்கு எது ஒத்துவரும் என்று நான் கேட்டுக்கொண்டதே இல்லை.

முதல் தொகுப்பிலேயே வந்த ஸோரோ லீடரின் திறனை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: அவருக்கு ஒரு டான் கொடுத்திருந்தால் நம் திருப்பத்தில் நம்முடைய எல்லாக் கேரக்டர்களுக்கும் (களத்தில் இறக்கும் ஆள் அட்டைகளுக்கும்) 1000 பவர் கூடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற டெக் என்று நானே பலமுறை கேலி செய்திருக்கிறேன். அந்தக் கேலியை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஏனென்றால் கடந்த இரண்டு வாரமாக என் நோட்டுப் புத்தகத்தில் பாதிப் பக்கங்களை நிரப்பியிருப்பது, டானை யாருக்கு எத்தனை கொடுப்பது என்ற ஒரே கணக்குதான்.

தாக்குகிறவரின் பவரும் தாக்கப்படுகிறவரின் பவரும் சமமானால் தாக்குகிறவருக்கே வெற்றி என்பது எல்லாருக்கும் தெரிந்த விதி. அதன் விளைவு என்னவென்றால், 5000 பவர் உள்ள லீடர் 6000 அடியைத் தடுக்க 2000 கவுண்டர் (கையிலிருந்து அட்டையை விட்டுத் தற்காப்புக்குச் சேர்க்கும் பவர்) வேண்டும், 7000 அடியைத் தடுக்க 3000 வேண்டும், 8000 அடிக்கு 4000. இப்போது நான் இரண்டாவதாக ஆடுகிறேன் என்று வைத்துக்கொள்வோம். நான்கு டான் திருப்பத்தில் மூன்று டான் ஸோரோவை (லீடர் அல்ல, அதே பெயரிலுள்ள கேரக்டர் அட்டை) இறக்கி, மீதி ஒரு டானை லீடருக்குக் கொடுத்தால், ரஷ் (இறங்கிய திருப்பத்திலேயே தாக்கும் திறன்) இருப்பதால் ஸோரோவும் அப்போதே 6000 பவரில் தாக்குவான், லீடரும் 6000. இதுவரை குழப்பமில்லை. அடுத்த திருப்பத்தில் ஆறு டான் இருக்கும்போது, முன்னே இறங்கிய ஸோரோவும் பிழைத்திருந்து, இரண்டாவது ஸோரோவையும் இறக்கிவிட்டேன் என்றால், கையில் மூன்று டான் மிஞ்சும். ஒன்று லீடருக்குக் கட்டாயம். மற்ற இரண்டையும் யாருக்குக் கொடுப்பது?

நான் வழக்கமாகச் செய்தது, மூன்றையும் லீடருக்கே கொடுத்து 8000, 6000, 6000 என்று அடிப்பது. பெரிய அடி விழுந்தால் எதிராளி பயப்படுவார் என்று ஒரு நினைப்பு. அண்ணன் மகன் சொன்னது வேறு: லீடருக்கு ஒன்று, இரண்டு ஸோரோவுக்கும் ஆளுக்கொன்று என்று பிரித்து 6000, 7000, 7000 என்று அடிக்க வேண்டுமாம். கூட்டிப் பார்த்தால் இரண்டிலும் எதிராளி எடுத்து வைக்க வேண்டிய கவுண்டர் மொத்தம் 8000தான், அதனால் வித்தியாசமே இல்லை என்று அவனோடு அரைமணி நேரம் வாதாடினேன். அவன் பேசாமல் கையில் இருந்த 2000 கவுண்டர், 1000 கவுண்டர் அட்டைகளை எங்கள் புளோக்கின் கீழ்த்தள மேசையில் வரிசையாக வைத்துக் காட்டினான். 8000 அடிக்கு 2000 கவுண்டர் அட்டை இரண்டு, 6000 அடிகளுக்கு ஆளுக்கொன்று, ஆக நான்கு அட்டையில் அவர் தப்பிவிடுவார். 7000 அடிக்கோ ஒரு 2000 அட்டை போதாது, கூடவே இன்னொன்று வேண்டும். அப்படி இரண்டு அடிக்கு நான்கு அட்டை, மிச்சமிருக்கும் 6000 அடிக்கு ஒன்று, ஆக ஐந்து. மொத்தத் தொகை அதே 8000. போகும் அட்டை மட்டும் ஒன்று அதிகம். எதிராளியின் கையில் ஐந்து அட்டை இருக்கும் நேரத்தில் இந்த ஓர் அட்டைதான் ஆட்டம். பள்ளிக்கூடத்தில் சில்லறை மாற்றும் கணக்கில் நான் எப்போதும் தவறு செய்வேன் என்பது அன்று மறுபடியும் நிரூபணமாயிற்று.

இந்தக் கணக்கு தலைக்குள் ஏறிய பிறகு, திருப்பத்தின் தொடக்கத்திலேயே எந்த அடி எத்தனை என்று தீர்மானித்து டானை வைத்துவிட முடிகிறது. ஆட்டத்தின் நடுவில் நின்று யோசிப்பது வெகுவாகக் குறைந்திருக்கிறது. அவனோடு கடைசியாக ஆடிய ஆட்டங்கள் எல்லாமே நேரத்துக்கு முன்பே முடிந்துவிட்டன, அவற்றில் பலவற்றை நான் தோற்றேன் என்றாலும்.

அடுத்த தலைவலி நமி. ஒரு டானுக்கு இறங்கி, டெக்கின் மேலிருந்து ஐந்து அட்டைகளைப் பார்த்து, நமி அல்லாத ஒரு வைக்கோல் தொப்பிக் குழு (கதையின் நாயகன் லூஃபியின் கூட்டம்) அட்டையை எடுத்துக் கையில் சேர்க்கும் இந்தப் பெண் இல்லாமல் டெக் ஓடாது. ஆனால் ஐந்து அட்டையிலும் குழுவினர் ஒருவரும் இல்லையென்றால் அவள் சும்மா நிற்கும் 2000 பவர் கேரக்டர்தான். என் முதல் பட்டியலில் தற்காப்புக்குப் பயந்து, 2000 கவுண்டர் உள்ள வேற்றுக் குழு அட்டைகளைத் திணித்துவிட்டதால், நமியால் எடுக்கக்கூடிய அட்டைகள் 12தான் இருந்தன. 50 அட்டையை வைத்துக் கணக்குப் போட்டால் ஐந்தில் ஒன்றாவது கிடைக்கும் வாய்ப்பு 76 சதவீதம். கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. நான்கு முறைக்கு ஒருமுறை நமி வெறுங்கையோடு திரும்புவாள் என்று மாற்றிச் சொன்னால்தான் வலி தெரிகிறது. 16 ஆக்கினால் 87 சதவீதம், 18 ஆக்கினால் 90க்குச் சற்று மேல், 20 ஆக்கினால் 93. பன்னிரண்டிலிருந்து பதினாறுக்குப் போகும்போது கிடைக்கும் லாபம், பதினாறிலிருந்து இருபதுக்குப் போகும்போது கிடைப்பதில்லை என்பதைக் கவனித்ததும், 18இல் நிறுத்திக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். அதை அடைவதற்கு நான்கு ஒட்டாமாவில் இரண்டை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. எதிராளியின் கேரக்டருக்கு 2000 பவர் குறைத்து, தேவைப்பட்டால் கையிலிருந்து 2000 கவுண்டராகவும் போகும் அந்தக் குட்டிப் பெண்ணை எடுத்தபோது கை கூசியது.

தொடக்கக் கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான்கு பிரதி வைத்த ஓர் அட்டை முதல் ஐந்தில் வருவதற்கு 35 சதவீத வாய்ப்புதான்; ஐந்தையும் திருப்பிப் போட்டு மறுபடி எடுக்கும் ஒரே ஒரு வாய்ப்பையும் சேர்த்துக்கொண்டால் 58. எனவே மூன்று டான் ஸோரோ வரவில்லை என்பதற்காக மட்டும் கையைத் திருப்புவதை விட்டுவிட்டேன். ஸோரோ அல்லது நமி, இரண்டில் ஒன்று இருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டால் அதே கணக்கு 60, 84 என்று ஏறுகிறது. கட்டகுரி ஆடியபோது அழகான கைக்காகத் திருப்பித் திருப்பிக் கெடுத்துக்கொண்ட பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. இவ்வளவு கணக்கும் போட்ட பிறகு, ஐந்து லைஃபில் மூன்று ஸோரோ போய் உட்கார்ந்துகொள்ளும் நாளும் உண்டு. அதற்கு மருந்து கிடையாது.

உறை விஷயத்தில் நடந்த கூத்தையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். புது டெக்குக்குப் புது உறை என்று இணையத்தில் மலிவாகக் கிடைத்த கருஞ்சிவப்பு உறையில் நான்கு பாக்கெட் வாங்கினேன். வந்து பிரித்துப் பார்த்தால், அட்டை உள்ளே நுழையவில்லை. ஒன் பீஸ் அட்டை 63க்கு 88 மில்லிமீட்டர். நான் வாங்கியது யூ-கி-ஓ போன்ற, 59க்கு 86 அளவுள்ள சிறிய அட்டைகளுக்கான உறை. விவரத்தில் அளவு தெளிவாகவே போட்டிருந்தது, படிக்காதது என் குற்றம். அண்ணன் மகன் யூ-கி-ஓவும் ஆடுவதால் அவன் தலையில் கட்டிவிட்டு, பதிலுக்கு அவனிடம் உபரியாக இருந்த லூஃபி இரண்டை வாங்கிக்கொண்டேன். ஐந்து டானுக்கு ரஷ்ஷோடு 6000 பவரில் இறங்கி, இரண்டு டான் கொடுத்தால் பிளாக்கரை (குறுக்கே வந்து அடியைத் தாங்கும் கேரக்டரை) எழவிடாமல் அடிக்கும் இந்த லூஃபி தொடக்கநிலை டெக்கிலேயே வருவது. என்றாலும் சில்லறையாக வாங்கப் போனால் விற்கிறவர்களுக்கு அதன் அருமை நன்றாகவே தெரிந்திருக்கிறது. உறைக்கு இப்போதைக்குக் கட்டகுரியின் பழைய மஞ்சள் உறையே. சிவப்பு டெக்கை மஞ்சள் உறையில் வைத்து ஆடுவதைப் பார்த்து எதிரே உட்காருகிறவர்கள் முதலில் ஏமாந்துபோவதில் எனக்கொரு அற்ப மகிழ்ச்சி, லீடர் திறந்தபடியே கிடப்பதால் அது இரண்டு நொடிதான் நீடிக்கிறது.

சிவப்பு அட்டைகள் இவ்வளவு சேர்ந்துவிட்டதால் வைட்பியர்ட் லீடரையும் கட்டிப் பார்த்தால் என்ன என்று மனம் அலைபாய்கிறது. ஆறு லைஃப், 6000 பவர், ஆனால் நம் ஒவ்வொரு திருப்ப முடிவிலும் ஒரு லைஃப் தானாகக் கைக்கு வந்துவிடும். அதாவது ஆட்டத்தை இழுத்தடிக்க நான் ஆசைப்பட்டாலும் லீடரே விடமாட்டார். எனக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. இருக்கட்டும், முதலில் இதை முடிக்க வேண்டும்.

பாக்கி இரண்டு இடம். எடுத்துவிட்ட இரண்டு ஒட்டாமாவையே திரும்ப வைப்பதா, ரேடிகல் பீம் என்ற தற்காப்பு அட்டையில் மூன்றாவதும் நான்காவதும் சேர்ப்பதா? ரேடிகல் பீம் குழு அட்டை என்பதால் நமி எடுக்கக்கூடியவை 20 ஆகும். நம் லைஃப் இரண்டோ அதற்குக் குறைவோ ஆனால் ஒரு டானுக்கு 4000 பவர் கிடைக்கும். அதைப்போல் பயன் தரும் தற்காப்பு சிவப்பில் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆனால் அதற்கு ஒரு டானைச் செலவழிக்காமல் மிச்சம் வைக்க வேண்டும். மேலே சொன்ன ஆறு டான் திருப்பத்தில் ஒன்றை மிச்சம் பிடித்தால் 7000 அடி ஒன்று 6000 ஆகிறது, எதிராளி ஐந்துக்குப் பதில் நான்கு அட்டையில் தப்புகிறார், நான் படாதபாடு பட்டுக் கற்ற அந்த ஓர் அட்டை போய்விடுகிறது. ஒட்டாமாவை கவுண்டராக விடுவதற்கு டானே தேவையில்லை.

சனிக்கிழமை அவன் வருகிறான். இரண்டு பட்டியலையும் ஆளுக்குப் பத்து ஆட்டம் என்று வைத்துக்கொண்டு, கைபேசியில் நேரத்தையும் ஓடவிட்டு ஆடிப் பார்ப்பதாகப் பேசியிருக்கிறோம். இன்றைக்கு இரவு ஒட்டாமாதான் உறைக்குள் இருக்கிறாள்.